பேச்சிமுத்து வாங்கிய கூலி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில், அதாவது உள்ளே சுற்றுகிற செம்புக் கம்பி, கட்டும் கடை. பேச்சிமுத்துவும் அவன் மனைவி மாரிக்கனியும் கல்யாணமான மறுவருடம் தொடங்கியது. வெளிவேலை அவனுடையது, உள்வேலை அவளுடையது. தோட்டத்தில் மோட்டார் எரிந்துவிட்டது என்று யாராவது வந்தால், பேச்சிமுத்து முக்காலிச் சட்டத்தையும் செயின் கப்பியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். போர் கிணற்றுக்குள்ளிருந்து குழாய் குழாயாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுப்பான். அங்கேயே கூலி பேசுவான். கருகின கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியை ஒவ்வொரு துளையாகக் கையால் கோத்துக் கட்டுவது மாரிக்கனியின் வேலை. அவள் கட்டின காயில் சீக்கிரத்தில் எரியாது என்று வன்னியம்பட்டி வரைக்கும் பேர் இருந்தது.

கூலி எவ்வளவு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததில் வீடு நடந்தது, மகள் கார்த்திகா படித்தாள், கம்பி தீர்ந்தபோது கம்பி வந்தது. தோட்டத்துக்குப் போனதும் அவன் கிணற்றின் ஆழத்தைக் கேட்பான், குழாயின் துருவைத் தடவிப் பார்ப்பான், கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பான், பிறகு ஒரு தொகை சொல்வான் என்று அவனோடு வேலைக்குப் போகும் தவசிமுத்து சொல்லக் கேட்டிருக்கிறாள். அந்தக் கணக்கு முழுவதும் அவன் தலைக்குள் இருந்தது. எங்கேயும் எழுதி வைக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

போன பங்குனியில், ஒரு தென்னந்தோப்பில் கேபிளைச் சுருட்டிக்கொண்டு நின்றவன் அப்படியே சாய்ந்தான். ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து மதுரைக்கு. மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் பிழைத்தான். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. பசிக்கிறதா என்றாலும், வலிக்கிறதா என்றாலும், இன்று என்ன கிழமை என்றாலும் அவன் “சரி” என்பான். காது கேட்கும், ஆளைத் தெரியும், ஆனால் சொல்லுகிற சொல் அவனுக்குக் கட்டுப்படாது, போகப் போகத் தேறலாம், தேறாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது சித்திரை வெயில். மோட்டார்கள் எரிகிற காலம் அது. நீர்மட்டம் இறங்கும், கரண்ட் ஏறி இறங்கும், நாள் முழுக்க ஓடுகிற மோட்டார் கருகிப்போகும். கடை வாசலில் மூன்று மோட்டார்கள் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் முதலில் பேச்சிமுத்துவை விசாரித்தார்கள், பிறகு தயங்கித் தயங்கி, வேலை எப்போது முடியும், எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள்.

மாரிக்கனிக்கு வேலை முடியும் நாள் தெரியும். எவ்வளவு என்பது தெரியாது.

முதல் ஆளிடம் ஒரு தொகை சொன்னாள். அவர் முகம் மாறியது. பேச்சிமுத்து இம்புட்டு கேட்க மாட்டானே என்றார். அவள் உடனே குறைத்தாள். இரண்டாவது ஆளும் அதையேதான் சொன்னார். மூன்றாவது ஆளுக்கு அவளே முந்திக்கொண்டு குறைத்துச் சொன்னாள், அதற்கும் அவர், பேச்சிமுத்து பழக்கத்துக்காக இன்னும் பார்த்துச் செய்வான் என்றார். அவர்கள் பொய் சொல்கிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. மெய்யாகவும் இருக்கலாம். அவன் இளகின மனசுக்காரன்தான். அவன் விட்டுக்கொடுத்ததைத் தான் பிடுங்குவதாக ஊர் சொல்லிவிடுமோ என்று பயந்தாள்.

மூன்று மோட்டாரையும் கட்டிக் கொடுத்துவிட்டு, கம்பி வாங்க ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். செம்பு விலை மறுபடி ஏறிவிட்டது என்றார் கடைக்காரர். கையிலிருந்த பணத்துக்கு இரண்டு மோட்டாருக்குத்தான் கம்பி வந்தது. மூன்று மோட்டாருக்கு ராப்பகலாக விரல் தேயக் கோத்து, இரண்டு மோட்டாருக்கான கம்பியோடு திரும்பியிருக்கிறாள். பஸ்ஸில் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தாள். கூலி என்று எதுவும் வரவில்லை, போட்ட முதலிலேயே ஓட்டை விழுந்துவிட்டது.

அடுத்த வாரம் வெங்கடேஸ்வரி என்கிற பெண் வந்தாள். ராஜபாளையத்துக்கு மேற்கே மாந்தோப்பு வைத்திருப்பவள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். போன வருடமும் இதே கடையில்தான் மோட்டார் கொடுத்தாள். மாரிக்கனி தொகையைச் சொன்னதும் அவள் சிரிக்காமல் சொன்னாள்.

“ஏம்மா, போன வருசம் நான் இதைவிட ரெண்டாயிரம் கூடக் குடுத்தேன். அவரு கேட்டாரு, குடுத்தேன். நீ எதைப் பாத்து இந்த ரேட்டு சொல்றே?”

வெங்கடேஸ்வரி போன வருடத் தொகையையே எண்ணி வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பணத்தைப் பார்க்கப் பார்க்க மாரிக்கனிக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்படியானால் மற்றவர்கள் சொன்னதெல்லாம் என்ன?

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். பேச்சிமுத்து கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு, அஞ்சு எச்பி மோட்டாருக்குக் காயில் கட்ட எவ்வளவு வாங்குவீர்கள் என்று கேட்டாள். ஒரு தொகையைச் சொன்னாள். சரி என்றான். அதைவிடக் கூடுதலாக ஒன்று சொன்னாள். சரி என்றான். பாதியாக்கிச் சொன்னாள். அதற்கும் சரி. வாயால் வேண்டாம், சரியான தொகை வரும்போது என் கையை அமுக்குங்கள் என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் அமுக்கினான். அவன் கண்ணில் நீர் வந்தது. அவள் என்ன கேட்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. சொல்ல வேண்டியதும் எங்கேயோ உள்ளே இருந்தது.

“ஒரு தடவையாவது எங்கிட்டச் சொல்லிருக்கக் கூடாதா?” என்று அவள் கேட்டாள். பிறகு கேட்டதற்காக அவன் நெஞ்சில் தலையை வைத்து அழுதாள். கார்த்திகா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவளுக்கு அந்த வருடம் நர்சிங் சேர இடம் கிடைத்திருந்தது. கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று அம்மாவிடம் அவள் சொல்லவில்லை.

ஆனி பிறந்த சமயம், வன்னியம்பட்டியிலிருந்து பாண்டிதுரை வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுப் பணத்தைப் போட்டுப் போர்க் கிணறு இறக்கி, கத்தரியும் தென்னங்கன்றும் வைத்திருந்தார். மோட்டார் நின்று நாலு நாள் ஆகிவிட்டது, கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டுவிட்டன என்றார். மேலே எடுத்து, காயில் கட்டி, திரும்ப இறக்கிக் கொடுக்க வேண்டும்.

வெங்கடேஸ்வரி வந்துபோன பிறகு மாரிக்கனி கொஞ்சம் யோசித்து வைத்திருந்தாள். கம்பி, தண்டு சுழலுகிற புஷ், ஆள்கூலி, வண்டி வாடகை எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டி, பதினாலாயிரம் ஆகும் என்றாள்.

“ஒம் புருசன் ஒம்பதுக்குத்தான் எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்தான்” என்றார் பாண்டிதுரை. “முடியலைன்னா சொல்லிரும்மா. ராஜபாளையத்துல ஆள் இருக்கு.”

அவர் மிரட்டவில்லை, நினைவில் இருந்ததைச் சொன்னார். ஆனால் அந்த வாரம் அவள் கடையில் ஒரு மோட்டாரும் இல்லை. வெயில் காலம் முடிந்துகொண்டிருந்தது. இதையும் விட்டால் பேச்சிமுத்துவின் மாத்திரைக்கு என்ன செய்வது என்று நினைத்தாள். ஒன்பதுக்கே செய்து தருகிறேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டாள்.

முந்நூறு அடிக்கு மேல் ஆழம். அதற்கு ராஜபாளையத்திலிருந்து மோட்டார் தூக்குகிற கிரேன் வண்டியை வாடகைக்குச் சொல்ல வேண்டும். ஒன்பதாயிரத்தில் வண்டிக்கு இடமில்லை. முக்காலியையும் கப்பியையும் வைத்தே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். தவசிமுத்து இன்னும் இரண்டு ஆட்களோடு வந்தான். தோட்டத்தில் குழாயை எட்டிப் பார்த்ததுமே அவன் முகம் சுருங்கியது.

“மதினி, இம்புட்டு ஆழத்துக்கு அண்ணன் கப்பி போட மாட்டாவ. வண்டிதான் சொல்வாவ. கிளாம்புல பல்லு தேஞ்சு கெடக்கு.”

கிளாம்பு என்பது போரின் வாயில் குழாயைக் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பூட்டு. ஒரு குழாயைக் கழற்றுகிற நேரத்தில், கீழே தொங்குகிற மொத்தப் பாரத்தையும் அதுதான் தாங்கும். புதுசு வாங்கவும் அந்தத் தொகையில் இடமில்லை. பார்த்துப் பக்குவமாகச் செய்யுங்கள் என்று மட்டும் மாரிக்கனி சொன்னாள். தவசிமுத்து அந்தக் கிளாம்பையே எடுத்துப் பூட்டினான்.

ஏழெட்டுக் குழாய் நல்லபடியாக வந்தது. அடுத்த குழாயைப் பூட்டியிருந்த திருகு மரை துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு பேர் ரெஞ்சைப் போட்டுத் திருக, மூன்றாவது ஆள் சுத்தியலால் தட்டினான். கடகடவென்று ஒரு ஓசை. கிளாம்பு குழாயை விட்டுவிட்டது. கேபிள் சாட்டைபோல் துள்ளி உள்ளே ஓடியது. தவசிமுத்து கையை இழுத்துக்கொண்டான், கேபிள் உரசித் தோள்பட்டையில் தோல் உரிந்தது. எல்லாம் ஒரு மூச்சுவிடுகிற நேரத்தில் முடிந்து, வெகு ஆழத்திலிருந்து இடிபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு போரின் வாய் வெறும் ஓட்டையாக இருந்தது.

மாரிக்கனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். விழுந்தது மோட்டார் மட்டுமில்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். குழாய்கள் கோணலாகச் சிக்கிக்கொண்டால் அந்தப் போரே செத்துவிடும். பாண்டிதுரையின் பட்டாளத்துக் காசு முழுவதும் அந்த ஓட்டைக்குள் இருந்தது. அவர் திட்டவில்லை. வரப்பில் போய், கத்தரிச் செடிகளைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார். திரும்பி வந்து, “எனக்குத் தண்ணி வேணும் மாரிக்கனி. எப்பிடின்னு எனக்குத் தெரியாது” என்றார்.

அன்று அவள் சாப்பிடவில்லை. கடையைப் பூட்டிவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்று தோன்றியது. கட்டிலில் கிடப்பவனை எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்று அடுத்த நினைப்பு வந்தது. செத்துவிட்டால் என்ன என்றும் நினைத்தாள். ஊருக்குப் பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலை மலைப்பெருமாளை நினைத்துக் கும்பிட்டுப் பார்த்தாள். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. ஒன்பதாயிரம் என்று தன் வாயால் சொன்னதுதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. வண்டிக்கு மிச்சம் பிடித்ததாக நினைத்தது இப்போது ஒரு மனிதனின் தோட்டத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. பாண்டிதுரைக்கு நல்லது செய்வதாக எண்ணியா குறைத்தோம், வேலை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்றுதானே குறைத்தோம் என்று அவளுக்குப் பட்டது.

விழுந்த மோட்டாரை எடுக்கிறவர் ஒருவர் சங்கரன்கோவில் பக்கம் இருப்பதாகத் தவசிமுத்து சொன்னான். இம்மானுவேல் என்று பேர். போன் செய்ததும் மறுநாளே தன் வண்டியோடு வந்தார். சின்னக் கேமரா ஒன்றைக் கயிற்றில் கட்டிப் போருக்குள் இறக்கி, போனில் படத்தைப் பார்த்தார். பிறகு மாரிக்கனியையும் பாண்டிதுரையையும் ஒன்றாக நிறுத்தி வைத்துக்கொண்டு பேசினார்.

“மேல வந்தா இருவதாயிரம். வரலைன்னா ஆள்கூலியும் டீசலும் மட்டும் குடுங்க. கேபிள் பிஞ்சு போயிருக்கும். மோட்டாரு நசுங்கியிருக்கலாம். எடுக்கும்போது பக்கத்து மண்ணு சரிஞ்சா அதுக்கு நான் பொறுப்பு இல்ல. இதெல்லாம் கேட்டுட்டுச் சம்மதம்னு சொன்னா எறக்குறேன்.”

பாண்டிதுரை தலையாட்டினார். மாரிக்கனியும் தலையாட்டினாள். இருபதாயிரத்துக்கு அவளிடம் ஒரே வழிதான் இருந்தது. முக்காலிச் சட்டமும் கப்பியும் சங்கிலியும் வேண்டும் என்று ராஜபாளையத்தில் ஒருவர் முன்பே கேட்டிருந்தார். அவரைக் கூப்பிட்டாள். வீட்டு முற்றத்தில் கிடந்த அவற்றை வண்டியில் ஏற்றும்போது பேச்சிமுத்து சக்கர நாற்காலியில் வீட்டு வாசலில் இருந்தான். விற்கப் போகிறேன் என்று முந்தின நாளே அவனிடம் சொல்லியிருந்தாள். விழுந்ததையும் சொல்லியிருந்தாள், எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு சாமானும் ஏற ஏற அவன் இடது கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. வண்டி கிளம்பினதும் முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் அவனைத் தொடப் போய், தொடாமல் தோட்டத்துக்குப் புறப்பட்டாள்.

முதல் நாள் இம்மானுவேலின் கொக்கி நாலு முறை குழாயைப் பிடித்து நாலு முறையும் நழுவியது. மாரிக்கனி போருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பாண்டிதுரையின் வீட்டம்மா செல்லத்தாய், ஆட்களுக்குக் கொண்டுவந்த சோற்றில் ஒரு தட்டை அவளுக்கும் வைத்தாள். அவளோடு ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சோற்றை விழுங்குவதுதான் அன்று கஷ்டமாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்து, பொம்பளை எடுத்த வேலை என்று அவள் காதுபடவே சொன்னார்கள்.

இரண்டாம் நாள் இம்மானுவேல் கொக்கியை விட்டுவிட்டு, நுனியில் மரை வெட்டின இரும்பு ஒன்றை இறக்கினார். விழுந்து கிடந்த குழாயின் வாய்க்குள் அதைத் திருகித் திருகி ஏற்ற வேண்டும். மத்தியானம் தாண்டியும் அது பிடிபடவில்லை. இதுதான் கடைசி, இதற்கு மேல் அழுத்தினால் பக்கவாட்டில் போய்விடும் என்றார் அவர். வண்டி உறுமியது. கம்பி இறுகியது, இறுகியபடியே நின்றது, பிறகு இஞ்ச் இஞ்சாக ஏறத் தொடங்கியது. வளைந்து நெளிந்த முதல் குழாய் போரின் வாயில் தலை காட்டியபோது பாண்டிதுரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மோட்டாரின் மேல்பாகம் நசுங்கியிருந்தது. கேபிள் போய்விட்டது. போர் பிழைத்துக்கொண்டது.

இம்மானுவேலுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மாரிக்கனி நசுங்கின மோட்டாரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டிதுரை வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“நான் ஒன்னு சொல்லணும். பேச்சிமுத்து ஒம்பதாயிரம் வாங்குனது மெய்தான். ஆனா அது போர் போட்ட புதுசுல. அப்ப மோட்டாரு நூத்தம்பது அடியிலதான் கெடந்துச்சு. தண்ணி எறங்க எறங்க நாந்தான் வேற ஆளை வச்சு ஆழமா எறக்குனேன். நீ ரேட்டு சொன்னப்ப இதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

மாரிக்கனி தலை நிமிரவில்லை. “எனக்கும் இது பத்தாதுன்னு தெரியும் அண்ணாச்சி. தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டேன்” என்றாள்.

மறுநாள் அவர் கடைக்கு வந்து, இம்மானுவேலுக்குக் கொடுத்ததில் பாதியை மேசைமேல் வைத்தார். மாரிக்கனி வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லுகிற நிலையில் அவள் இல்லை. எடுத்து வைத்துக்கொண்டாள். அவருடைய மோட்டாருக்குப் புது மேல்பாகம் வாங்கிப் போட்டு, காயில் கட்டிக் கொடுத்தாள். கிரேன் வண்டியை அவரே சொல்லி இறக்கிக்கொண்டார். தென்னங்கன்றுகளில் முக்கால்வாசி தேறின. கத்தரி போய்விட்டது.

தோட்டத்துக்குப் போய் மோட்டார் தூக்குகிற வேலையை மாரிக்கனி அன்றோடு விட்டுவிட்டாள். தவசிமுத்து, கப்பியை வாங்கினவரிடமே வேலைக்குச் சேர்ந்தான். கார்த்திகா அந்த வருடம் படிப்பில் சேரவில்லை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற மில்லுக்குப் போகிறாள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறாள். அடுத்த வருடம் என்று அவள் சொல்லும்போது மாரிக்கனி வேறு எங்கேயாவது பார்ப்பாள்.

பேச்சிமுத்து என்ன வாங்கினான் என்று இப்போது அவள் யாரிடமும் கேட்பதில்லை, யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வதும் இல்லை. மோட்டாரை முதலில் திறந்து பார்க்கிறாள். கம்பி இத்தனை கிலோ பிடிக்கும், இன்றைய விலை இது, புஷ் தேய்ந்திருக்கிறது, இதைக் கட்ட எனக்கு இரண்டு நாள் ஆகும், என் கூலி இது என்று வந்தவரின் முன்னாலேயே சொல்லிக் கூட்டுகிறாள். பழைய புஷ்ஷே தாங்கும் என்றால் அதையும் சொல்லி, அந்தக் காசைக் கழிக்கிறாள். காயில் திரும்ப எரிந்தால் எதற்குத் தான் பொறுப்பு, எதற்கு இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறாள். கேட்டவர்களில் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். ஐப்பசி மழை தொடங்கினால் அந்தப் பாதியும் வராது. மழை முடிகிறவரை கடை தாங்குமா என்று அவளுக்குத் தெரியாது.

நேற்று வ. புதுப்பட்டியிலிருந்து ஒருவர் மோட்டாரோடு வந்திருந்தார். கணக்கு முழுவதையும் கேட்டுவிட்டு, ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொள்ளச் சொன்னார். குறைத்தால் மெல்லிய கம்பிதான் போட முடியும், அது அடுத்த கோடைக்குத் தாங்காது, அப்படிக் கட்டித் தர எனக்கு மனசில்லை என்றாள். அவர் மோட்டாரைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றச் சொன்னார். மாரிக்கனியே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டாள்.